மாசியில் வாங்கி வைப்போம், கார்த்திகையில் கை நீட்ட மாட்டோம்



குழுக் கூட்டங்களுக்கு வரும்போது கடன் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆனி மாதத்துப் பக்கத்தில் பள்ளிக்கூடச் செலவு, ஆவணியில் கல்யாணச் செலவு என்று காரணம் தெளிவாக எழுதியிருக்கும். கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் மட்டும் பக்கம் முழுக்க ஒரே வார்த்தைதான்: 'குடும்பச் செலவு'. என்ன செலவு அக்கா என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் மெதுவாகச் சொல்வார்கள்: "அரிசி, பருப்பு வாங்கத்தான் மேடம். வேற என்னத்துக்கு?"

நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் இருக்கும் நமக்கு இதன் காரணம் தெரியாதது இல்லை. ஆவணி, புரட்டாசியில் நடவு, களை என்று கூலி வரும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் வயல் வேலை நின்றுவிடும். தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்குகிற வரைக்கும் கையில் காசு புழங்காது. முன்பெல்லாம் அறுப்புக் கூலியாக நெல்லே வீட்டுக்கு வந்தது. அறுவடை மெஷின் வந்தபிறகு அதுவும் குறைந்துபோனது. குதிரிலும் பத்தாயத்திலும் தானியம் இருந்த காலம் போய், 100 கிராம் பருப்பு, 50 மில்லி எண்ணெய் என்று அன்றாடம் கடைக்கு ஓடுகிற காலமாகிவிட்டது.

"வீட்டில் கொஞ்சம் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "கையில காசு இருந்தா நாங்க ஏன் மேடம் வாங்கி வைக்க மாட்டோம்?" நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். நாம் எப்படியும் சாப்பாட்டுக்காகக் கடன் வாங்குகிறோம். அதைப் பற்றாக்குறை மாதத்தில் வெளியில் வாங்காமல், அறுவடை மாதத்தில் குழுவில் வாங்கினால் போதும். வருமானம் கூடாமலே வீட்டில் இருப்பு சேரும்.

சில்லறையாக வாங்குவதால் என்ன நஷ்டம்?

ஒரு கணக்குப் பார்ப்போம். கடையில் 100 கிராம் உளுந்தம்பருப்பு 17 ரூபாய் என்றால் கிலோ 170 ஆகிறது. அதையே ஒரு கிலோவாக வாங்கினால் 140. சித்திரையில் உளுந்து அறுத்த வீட்டில் முழு உளுந்தாக வாங்கினால் 100 ரூபாய். (இவை உதாரணத்துக்குப் போட்ட விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். ரூபாய் மாறும், ஆனால் எது அதிகம், எது குறைவு என்பது பெரும்பாலும் மாறாது.)

அதிலும் கடனுக்கு வாங்கும் கடையில் விலை கேட்க முடியாது, தரம் பார்க்க முடியாது. நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்றுகூடப் பல பேர் பார்ப்பதில்லை. காசு இல்லாதவர்தான் அதிக விலை கொடுக்கிறார். இதை மாற்றத்தான் நாம் குழுவாகச் சேர்ந்திருக்கிறோம்.

கடன் எப்போது வாங்குவது?

ஒரு குடும்பத்துக்கு 1,600 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி: கார்த்திகையில் வெளியில் பத்து வட்டிக்கு வாங்குகிறோம். அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். அறுப்புக் கூலி வந்து மாசியில் திருப்பிக் கொடுத்தால் 3 மாதம். வட்டி மட்டும் 480 ரூபாய். அதுவும் மழைக்காலத்து விலையில், சில்லறையாக வாங்கிய சாமானுக்கு.

இரண்டாவது வழி: மாசியில் குழுவின் உள்கடனாக 1,600 ரூபாய் வாங்குகிறோம். வட்டி 100-க்கு மாதம் 1 ரூபாய். வாரம் 50 என்று எடுத்து வைத்து, மாதம் 200 வீதம் அசலைக் கட்டுகிறோம். பங்குனியில் தொடங்கினால் ஐப்பசியில் 8 தவணையும் முடிந்துவிடும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்: 16, 14, 12, 10, 8, 6, 4, 2. மொத்த வட்டி 72 ரூபாய்தான். அந்த 72 ரூபாயும் வெளியே போகவில்லை, நம் குழுவின் நிதியில்தான் சேருகிறது. உங்கள் குழுவில் இரண்டு வட்டி என்றால் 144 ரூபாய் ஆகும். அப்போதும் 480 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் வழியில் வேலை இல்லாத மாதத்தில் கடன் ஏறுகிறது. இரண்டாவது வழியில் ஓரளவு வேலை இருக்கும் மாதங்களிலேயே கடன் தீர்ந்துவிடுகிறது. மழை பிடிக்கும்போது வீட்டில் தானியம் இருக்கும், தலையில் கடன் இருக்காது.

எவ்வளவு இருப்பு வேண்டும்?

ஒரு வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி அடுக்குவது நம்மால் ஆகாது, தேவையும் இல்லை. கார்த்திகை பிறந்ததிலிருந்து மார்கழி நடுவரை 45 நாள் தாங்கினால் பெரிய பாரம் குறையும். அதை இலக்காக வைப்போம்.

பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் உள்ள குடும்பம் என்று வையுங்கள். மாதம் 40 கிலோ அரிசி ஆகிறது. அப்படியானால் 45 நாளுக்கு 60 கிலோ. ரேஷனில் மாதம் 20 கிலோ வருகிறது என்றால் 45 நாள் பங்குக்கு 30 கிலோ. மீதி 30 கிலோதான் நாம் சேர்க்க வேண்டியது. (அந்தியோதயா அட்டை உள்ளவர்களுக்கு மாதம் 35 கிலோ வருவதால் இந்த இடைவெளி இன்னும் சின்னது.)

அந்த 30 கிலோவை இரண்டு விதமாகச் சேர்க்கலாம். அரை மூட்டை நெல், அதாவது 30 கிலோ, மாசியில் வாங்கி வைத்தால் அவித்து அரைத்தபின் 19 கிலோ அளவுக்கு அரிசி கிடைக்கும். மீதி 11, 12 கிலோவைப் பிடி அரிசியில் சேர்க்கலாம்.

1,600 ரூபாய்க்கு வாங்கும் சாமான், உதாரண விலையில்:

நெல் 30 கிலோ – 750 ரூபாய்
அவிக்க, அரைக்கக் கூலி – 100 ரூபாய்
உளுந்து, பச்சைப்பயறு இரண்டும் சேர்த்து 3 கிலோ – 300 ரூபாய்
கேழ்வரகு 4 கிலோ – 160 ரூபாய்
புளி 1 கிலோ – 120 ரூபாய்
காய்ந்த மிளகாய் அரை கிலோ – 100 ரூபாய்
உப்பு 2 கிலோ – 40 ரூபாய்
தீப்பெட்டி, மெழுகுவத்தி – 30 ரூபாய்
மொத்தம் – 1,600 ரூபாய்

உங்கள் ஊரில் விலை கூடினால் கேழ்வரகை 2 கிலோவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நெல்லையும் பயறையும் குறைக்காதீர்கள். துவரம்பருப்பையும் பாமாயிலையும் ரேஷன் கடையில் அந்தந்த மாதம் தவறாமல் வாங்குங்கள். "இந்த மாசம் போகட்டும்" என்று ஒரு பங்கையும் விடாதீர்கள்.

2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. அதை வீடு தேடி வருகிறவரிடம் கிலோவுக்குச் சில ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, அதே கையால் கடை அரிசி வாங்குகிற வீடுகள் நம் ஊர்களில் உண்டு. சட்டப்படியும் தவறு, கணக்குப்படியும் நஷ்டம். சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்கும் தோசைக்கும் ஆகும், புட்டுக்கும் அடைக்கும் ஆகும்.

பிடி அரிசி: யார் தட்டிலிருந்து?

உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தால் மாதம் ஒன்றரைக் கிலோ. பங்குனி முதல் ஐப்பசி வரை 8 மாதத்தில் 12 கிலோ. (உங்கள் பிடியை ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். கைக்குக் கை வித்தியாசப்படும்.)

இதில் ஒரு விஷயத்தை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பானையில் ஒரு பிடி குறைந்தால் அது வீட்டுக்காரர் தட்டில் குறையாது, பிள்ளைகள் தட்டிலும் குறையாது. கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் தட்டில்தான் குறையும். அது யார் என்று உங்களுக்கே தெரியும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம் சாப்பாட்டைக் குறைத்துச் சேர்க்கிற அரிசிக்குச் சேமிப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

அதனால் பிடி அரிசிக்கு மூன்று விதி வையுங்கள்.

1. கூலி வந்த நாளில் எடுங்கள். முடிந்தால் இரண்டு பிடி. கூலி இல்லாத நாளில் எடுக்க வேண்டாம்.

2. பிடி எடுக்கிற வாரத்தில் ஒரு வேளையாவது கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, பயறு என்று வேறு ஏதாவது சேர்த்து எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். நீங்களும்தான்.

3. கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய் இருக்கிற வீட்டில் பிடி அரிசி வேண்டவே வேண்டாம். அந்த வீட்டுக்கு உள்கடனைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து இன்னும் 18 கிலோ நெல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எந்த மாதம் என்ன வாங்குவது?

தை, மாசி: சம்பா நெல். புது நெல் வரத்து அதிகமாக இருக்கும்போது வாங்குங்கள். ஐந்தாறு வீடு சேர்ந்து தெரிந்த விவசாயியிடம் நேராகக் கேட்டால் ஏற்றுக்கூலியும் மிச்சம்.

மாசி, பங்குனி: புளியும் மிளகாயும். புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, மண்பானையில் அழுத்தி வைத்தால் வருஷம் தாங்கும்.

பங்குனி, சித்திரை: உளுந்து, பச்சைப்பயறு. சம்பா அறுத்த தாளடியில் விளைந்து வரும் நேரம். பயறு பறிக்கப் போகிறவர்கள் கூலியாகவோ பங்காகவோ கிடைப்பதை உடனே விற்றுவிடாமல் வீட்டுக்கு வேண்டிய 3 கிலோவை எடுத்து வைத்தபின் மீதியை விற்கலாம். அப்படிச் செய்தால் கடனில் 300 ரூபாய் குறைத்தே வாங்கலாம்.

சித்திரை, வைகாசி: வெயிலை வீணாக்க வேண்டாம். மாங்காய் வத்தல், கொத்தவரை வத்தல், மோர் மிளகாய், வடகம் எல்லாம் இப்போதுதான். கடலோர ஊர்க்காரர்கள் கருவாட்டை உப்பு நன்றாகப் பிடித்து, முறுகக் காய்ந்ததாகப் பார்த்து எடுத்து வைக்கலாம். மழைநாளில் காய்கறி விலை ஏறும்போது இவைதான் குழம்பு.

ஆவணி, புரட்டாசி: நெல்லை அவித்து அரைக்கும் மாதம். இதைத் தள்ளிப் போடவே கூடாது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அவித்த நெல் காயாது, புழுங்கி நாற்றம் எடுக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மில் ஓடாது என்றால் வீட்டில் நெல் இருந்தும் சோறு இல்லை. புரட்டாசிக்குள் அரிசியாக்கி வைப்பதற்கு இதுதான் காரணம்.

வாங்குவது பாதி, காப்பது பாதி

வாங்கி வைத்ததை வண்டும் எலியும் தின்றால் கடன் மட்டும்தான் மிஞ்சும். கீழே உள்ளவற்றுக்குப் பெரிய செலவு இல்லை, கவனம்தான் வேண்டும்.

காய்ச்சல்: தானியம் கெடுவதற்கு முதல் காரணம் ஈரம். நெல்லைக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போட்டு, உலர்ந்த தூள் உப்பு ஒரு கரண்டி சேர்த்துச் சில நிமிஷம் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் உதிர்ந்தால் சேமிக்கலாம். காயவைத்ததைச் சூடு ஆறியபிறகுதான் டின்னில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சாணம் பிடிக்கும்.

இடம்: மூட்டையைத் தரையிலும் வைக்காதீர்கள், சுவரிலும் சாய்க்காதீர்கள். இரண்டு செங்கல், மேலே பலகை. அதன்மேல் மூட்டை. சுவருக்கும் மூட்டைக்கும் இடையில் கை நுழைகிற இடைவெளி விடுங்கள்.

பாத்திரம்: மூடி இறுக்கமாக உள்ள தகர டின்னோ பிளாஸ்டிக் டிரம்மோ நல்லது. பூச்சிமருந்து, உரம், பெயிண்டு இருந்த டப்பாவை எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு வைக்கக் கூடாது. டின்னை வாய்வரை நிரப்புங்கள். உள்ளே காற்று குறைந்தால் பூச்சி பெருகுவதும் குறையும்.

பயறு: "நல்லா மூடித்தான் வச்சேன், எப்படி வண்டு வந்துச்சுன்னே தெரியல" என்பார்கள். வண்டு வெளியிலிருந்து வரவில்லை. வயலில் காயாக இருக்கும்போதே அதன் மேல் முட்டை வைத்துவிடுகிறது. பயறோடு சேர்ந்து வீட்டுக்கு வருகிறது. பயறின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் முட்டை. அதனால் வாங்கியவுடன் 2, 3 நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். ஆறியபின் கிலோவுக்கு ஒரு சின்னக் கரண்டி நல்லெண்ணெய் விட்டு எல்லா மணியிலும் படும்படி பிசறி வையுங்கள். உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் வண்டு தொல்லை இன்னும் குறைவு, முழு மணியில்தான் அது நன்றாகப் பெருகும்.

இலைகள்: வேப்பிலை, நொச்சி இலை போடலாம். ஆனால் நிழலில் உலர்த்திய இலையாக இருக்க வேண்டும். பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரமே தானியத்தைக் கெடுத்துவிடும். இலை உதவி செய்யும், காய்ச்சலுக்குப் பதிலாகாது.

கேழ்வரகு: முழுத் தானியமாக வைத்தால் நெடுநாள் தாங்கும். மாவாக அரைத்தால் சில வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். கம்பு மாவு இன்னும் சீக்கிரமே கசந்துபோகும். வேண்டும்போது வேண்டிய அளவு அரைத்துக்கொள்ளுங்கள்.

கடலை: நிலக்கடலை வைத்திருந்தால் தோலோடு வையுங்கள். பூஞ்சாணம் பிடித்த கடலையைக் கழுவியோ வறுத்தோ சாப்பிடக் கூடாது. அதில் உள்ள நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள்.

பூச்சிப் பொறி: கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தானியத்துக்கு ஒரு பூச்சிப் பொறி உருவாக்கியிருக்கிறது. ஓட்டை போட்ட குழாய் ஒன்றைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், ஊர்ந்து திரியும் வண்டுகள் ஓட்டை வழியே விழுந்து அடியில் சிக்கும். மருந்து இல்லை. குழுவுக்கு ஒன்று இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். சிக்கல், நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையங்களுக்குப் போகும்போது இதைப் பற்றிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நெல் மூட்டைக்கு வைக்கும் வண்டு மாத்திரையை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு வரும். அதே அறையில் தூங்குகிறவர்கள் உயிருக்கே ஆபத்து. அதற்கு மாற்று மருந்து கிடையாது. "ஒண்ணே ஒண்ணுதான் வச்சேன்" என்று சொல்லவும் இடம் இல்லை. அரிசியில் போரிக் பவுடர் கலப்பதும் வேண்டாம். பிள்ளைகள் சாப்பிடுகிற அரிசி அது.

பழையது முன்னால்: புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முதலில் எடுங்கள். டின்மேல் சாக்பீஸால் மாதத்தை எழுதி வையுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

புயலுக்கு ஒரு தனி டின்

45 நாள் இருப்பில் கை வைக்காமல், ஒரு சின்ன டின்னை மழைக்கென்று ஒதுக்குங்கள். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தீப்பெட்டி, மெழுகுவத்தி. அடுப்பு எரியாத 3 நாளுக்கு இது போதும். ரேஷன் அட்டை, குழுப் பாஸ்புக் நகலையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இதிலேயே போடுங்கள். பரணில் அல்லது உயரமான இடத்தில் வையுங்கள். முகாமுக்குப் போகும்படி சொன்னால் இதை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். மற்றதைக் காக்கிறேன் என்று வீட்டில் நிற்காதீர்கள்.

மழைச்சாரல் பட்டு நனைந்த தானியத்தை அன்றே பரப்பி உலர்த்தலாம். வெள்ளத் தண்ணீரில் ஊறிய அரிசியையும் பருப்பையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள். அதில் சாக்கடையும் கலந்திருக்கும்.

குழுவாகச் செய்தால்

15 பேர் உள்ள குழு என்றால் மொத்த உள்கடன் 24,000 ரூபாய். மொத்த நெல் 450 கிலோ. ஒருவர் போய் அரை மூட்டை கேட்பதற்கும், 15 பேருக்காக 450 கிலோ கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விலை பேசும்போதே பார்ப்பீர்கள். அவித்து அரைக்கவும் அப்படித்தான். ஒரே நாளில் மில்லுக்குக் கொண்டுபோனால் வண்டிக்கூலி பங்காகப் பிரிந்துவிடும். உளுந்துக்கான பணத்தை மாசியிலேயே கையில் கொடுக்காமல், குழுவே வைத்திருந்து சித்திரையில் மொத்தமாக வாங்கிக் கொடுப்பது நல்லது.

பெண்கள் சங்கமாகச் சேர்ந்து இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆந்திராவில் 2000-களில் 'வெலுகு' திட்டத்தின் கீழ் கிராம மகளிர் கூட்டமைப்புகள் அரிசியை மொத்தமாக வாங்கி, உறுப்பினர்களுக்குக் கடனாகக் கொடுத்து, தவணையில் வசூலித்தன. இப்போதைய தெலங்கானாவில் உள்ள ஜகீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் பெண்கள் 1990-களில் தரிசாகக் கிடந்த நிலத்தில் சோளம் விளைவித்தார்கள். அதில் ஒரு பங்கை ஊரிலேயே சேமித்து, பற்றாக்குறைக் காலத்தில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். அவர்களும் நம்மைப் போலக் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான்.

முடிந்த குழுக்கள் ஒரு தானிய வங்கியும் தொடங்கலாம். ஒவ்வொருவரும் தையில் 2 மரக்கால் நெல் போடுங்கள். மழை மாதத்தில் முடியாதவர் எடுத்துக்கொள்வார். அடுத்த தையில் எடுத்த நெல்லோடு மரக்காலுக்குக் கால் மரக்கால் கூட்டித் திருப்புவார். எடுத்தது, திரும்பியது இரண்டையும் பதிவேட்டில் எழுதி, கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

நீங்கள் கேட்ட கேள்விகள்

*"வீட்டுல வச்சா அந்தாளு தூக்கிட்டுப் போய்க் குடிச்சிட்டு வந்துருவாரு மேடம்."*

இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு நெல்லையும் பயறையும் குழுவின் பொது இடத்தில் வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பூட்டு இரண்டு, சாவி இரண்டு உறுப்பினரிடம். யாருடைய இருப்பு எங்கே இருக்கிறது என்பது குழுவுக்குள்ளேயே இருக்கட்டும்.

*"எங்களுது கூரை வீடு. டின்னு வைக்கக்கூட எடம் இல்ல."*

அரை மூட்டை நெல் அரிசியாகிவிட்டால் இரண்டு டின்தான். கட்டில் அடியில் பலகை போட்டு வைக்கலாம். ஒழுகுகிற வீடு என்றால் மழைக்கு முன் பக்கத்து மாடி வீட்டு உறுப்பினரிடம் கொடுத்து வையுங்கள். அதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

*"தீபாவளிக்கு விருந்தாளி வந்தா எடுக்காம எப்படி இருக்கிறது?"*

ஐப்பசியில் தீபாவளி வருவதால் இந்த ஆபத்து உண்மைதான். பண்டிகைச் செலவுக்குக் குழுவில் தனிச் சீட்டு, தனிச் சேமிப்பு வையுங்கள். டின் மூடியைத் துணியால் கட்டி, கார்த்திகை ஒன்றாம் தேதிதான் அவிழ்ப்பது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளே காவல் காப்பார்கள்.

*"இந்த வருஷம் 1,600 ரூபாய் கடன் எடுக்கவும் முடியாது. ஏற்கெனவே தவணை ஓடுது."*

அப்படியானால் கடன் எடுக்காதீர்கள். பயறும் உப்பும் புளியும் மட்டும் வாரம் 20 ரூபாய்க்குச் சேருங்கள். 10 நாள் இருப்பு இருந்தால்கூட அந்த 10 நாள் வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

1. போன கார்த்திகை, மார்கழியில் 'குடும்பச் செலவு' என்று எத்தனை பேர் கடன் வாங்கினோம்? வெளியில் எவ்வளவு வட்டி கட்டினோம்?

2. நம் வீட்டுக்கு 45 நாளுக்கு என்ன வேண்டும்? ஒவ்வொருவரும் கணக்குப் போட்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உள்ளவர் எழுதிக் கொடுக்கட்டும்.

3. மாசியில் உணவு இருப்புக்கு என்று உள்கடன் ஒதுக்க முடியுமா? வட்டி எவ்வளவு? தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

4. நெல் வாங்கப் போகும் இருவர், அவித்து அரைக்கப் பொறுப்பு எடுக்கும் இருவர் யார்?

5. குழுவில் யார் வீட்டில் மிகவும் கஷ்டம்? தனியாக இருக்கும் அம்மா, மாற்றுத்திறனாளி உள்ள வீடு, கர்ப்பிணி உள்ள வீடு. அவர்களுக்கு முதலில் என்று முடிவு செய்யுங்கள்.

குழுவின் நிதி போதவில்லை என்றால் ஊக்குநரும் பிரதிநிதியும் தீர்மான நகலோடு கூட்டமைப்புக்கு வாருங்கள். தை மாதக் கூட்டத்துக்குள் வந்தால் மாசி அறுப்பு விலையைப் பிடித்துவிடலாம்.

அடுத்த வருஷம் மார்கழியில் நாங்கள் கடன் பதிவேட்டைப் பார்க்கும்போது அந்தப் பக்கம் பாதி காலியாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவரின் தட்டிலும் சோறு நிறைய இருக்க வேண்டும். அந்தத் தட்டு உங்களுடையது.